மஞ்சள் ரோஜாவுக்கு இரண்டு வழிகள்

எல்லைச் சீமைப் பயிர்கள் – வரலாற்றுத் தொடர்

ஓசூர் ரோஜாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பிப்ரவரி 14-இல் தொடங்கி ஏற்றுமதியில் முடித்துவிடுகிறார்கள். அந்தக் கதை உண்மைதான். அமுதகொண்டப்பள்ளியில் டிட்கோ பங்கேற்புடன் எழுந்த டான்ஃப்ளோரா மலர்ப் பூங்காவிலும், பாகலூர், பேரிகை, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பசுமைக்குடில்களிலும் காதலர் தினத்தைக் கணக்கிட்டு டிசம்பரிலேயே கவாத்து செய்கிறார்கள். இருபது பூக்கள் கொண்ட கட்டுகள் பெங்களூரு விமான நிலையத்துக்குப் புறப்படுகின்றன. சிவப்பில் தாஜ்மஹால், வெள்ளையில் அவலாஞ்ச், மஞ்சளில் கோல்டு ஸ்ட்ரைக் என்று ரகங்களின் பெயர்கள் தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கும் மனப்பாடம். ஆனால் இந்த ரோஜாக்கள் நிற்பது சுமார் 900 மீட்டர் உயரத்தில், பாலித்தீன் கூரைக்குக் கீழே, சொட்டுநீரையும் மருந்துத் தெளிப்பையும் நம்பி. அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூரைவிடச் சில நூறு மீட்டர் தாழ்வான பர்கூரில், ஜவுளிக் கடைகளுக்குப் பின்னால் இருக்கும் ஒரு வீட்டு முற்றத்தில் மஞ்சள் ரோஜா ஒன்றை நட்டால் நிலைமை வேறு. காலையில் மஞ்சளாக விரிந்த பூ கோடை வெயிலில் மாலைக்குள் வெளிறிவிடும். மழைக்காலத்தில் இலை கொட்டும். குச்சி நுனியிலிருந்து கருகத் தொடங்கும். பராமரிப்பு போதவில்லை என்று வளர்த்தவர் தம்மையே நொந்துகொள்வார். குறை அவரிடம் இல்லை, அந்தச் செடியின் வம்சாவளியில் இருக்கிறது என்பதே இந்த வாரம் நான் முன்வைக்கும் வாதம். மஞ்சள் ரோஜாவை உருவாக்க வரலாற்றில் இரண்டு வழிகள் இருந்தன. உலகம் ஒன்றைப் பிடித்துக்கொண்டது. நம் வெயிலுக்கும் மழைக்கும் பொருந்துவது மற்றொன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்தபோது ஐரோப்பியத் தோட்டங்களில் பெருகிக் கிடந்த ரோஜாக்கள் சிவப்பும் இளஞ்சிவப்பும் வெள்ளையும்தான். சிவப்பு வகை நிறங்களைத் தருபவை ஆந்தோசயனின் நிறமிகள்; ஆழ்ந்த மஞ்சளுக்கு கரோட்டினாய்டு வேண்டும். அந்தச் சொத்து அங்கிருந்த பழைய தோட்ட ரோஜாக்களிடம் இல்லை. வெளியிலிருந்து அது இரண்டு வாசல் வழியாக வந்தது. 1824-இல் ஜான் பார்க்ஸ் என்பவர் லண்டன் தோட்டக்கலைச் சங்கத்துக்காகச் சீனாவிலிருந்து வெளிர்மஞ்சள் தேநீர் ரோஜா ஒன்றைக் கொண்டுவந்தார். 1830-களில் ஹென்றி வில்லாக் பாரசீகத்திலிருந்து ‘பெர்ஷியன் எல்லோ’ எனும் அடுக்கு ரோஜாவை இங்கிலாந்துக்கு அனுப்பினார். முதலாவது வெப்பநாட்டு மரபு: ஆண்டு முழுவதும் இலை தாங்கும், அடிக்கடி பூக்கும், ஆனால் நிறம் மென்மை, பனி தாங்காது. இரண்டாவது மேற்காசியாவின் வறண்ட மலைநிலத்து மரபு: கண்ணைப் பறிக்கும் மஞ்சள், கடுங்குளிரையும் தாங்கும், ஆனால் ஆண்டுக்கு ஒரே ஒரு முறைதான் பூக்கும். பனி கொட்டும் நாட்டவர்கள் எதைத் தேர்ந்திருப்பார்கள் என்பதில் வியப்பில்லை. அவர்கள் நிலத்துக்கு அது சரியான தேர்வுதான்.

அந்தத் தேர்வைச் சாதனையாக்கியவர் பிரான்சின் லியோன் நகரத்து ஜோசஃப் பெர்னே-டூஷே. ரோஜா ஒட்டுச்சேர்க்கை என்பது விரல் நுனியில் நடக்கும் வேலை. மொட்டு பாதி விரிந்த நிலையில், தன் மகரந்தம் உதிர்வதற்கு முன், இதழ்களைப் பிய்த்தெடுக்க வேண்டும். சிறு இடுக்கியால் மகரந்தப் பைகளை ஒன்று விடாமல் கிள்ளி நீக்க வேண்டும். நடுவில் மிஞ்சும் சூலகமுடிகள் பிசுபிசுப்பு காணும்போது, வேறொரு செடியிலிருந்து எடுத்து உலர்த்திய மகரந்தத்தைத் தூரிகையால் தடவி, உறை போட்டுக் கட்ட வேண்டும். காய் பழுக்க மாதங்கள் ஆகும். அதற்குள் எத்தனையோ காய்கள் பிஞ்சிலேயே உதிர்ந்துவிடும். பெர்ஷியன் எல்லோ விதை பிடிக்காத ரகம் என்பதால், அதன் மகரந்தத்தை மட்டும் எடுத்து 1883 முதல் 1888 வரை ஆண்டுதோறும் சிவப்பு, ஊதா ரோஜாக்களில் தடவினார் பெர்னே-டூஷே. கிடைத்த விதைகள் சொற்பம். ‘அந்துவான் டூஷே’ என்ற செவ்வூதா ரோஜாவோடு சேர்த்ததில் பிழைத்த நாற்று ஒன்று இளஞ்சிவப்பாகப் பூத்து ஏமாற்றியது. அதனருகே முளைத்த இன்னொரு நாற்றுதான் ஆரஞ்சு கலந்த மஞ்சளாக, திரும்பத் திரும்பப் பூத்தது. 1900-இல் ‘சொலே தோர்’ என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. முதல் உலகப் போரில் அவருடைய மகன்கள் க்ளோடியஸ், ஜோர்ஜ் இருவரும் இறந்தார்கள். மூத்தவர் நினைவாக 1920-இல் அவர் வெளியிட்ட தூய மஞ்சள் ரோஜா அந்தப் பெயரையே தாங்கியது. 1945-இல் பெர்லின் வீழும் தறுவாயில் பெயர் சூட்டப்பட்ட ‘பீஸ்’ ரோஜாவுக்கும் இந்தப் பாரசீக மரபில் பங்கு உண்டு. நம் நர்சரிகளில் விற்கும் மஞ்சள் ரோஜாக்களில் பெரும்பகுதி இந்தக் குடும்பத்து வாரிசுகளே.

வாரிசுச் சொத்தோடு கடனும் வந்தது. கரும்புள்ளி நோய் தாக்கிய இலையைக் கையில் எடுத்துப் பார்த்தால் புரியும்: ஓரம் பிசிறிய கறுப்பு வட்டங்கள், சுற்றிலும் மஞ்சள் பூத்த இலைப்பரப்பு, தொட்டால் காம்போடு கழன்றுவிடும் தளர்ச்சி. இந்தப் பூஞ்சையின் வித்து முளைக்க, இலை ஏழு மணி நேரமாவது தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். வறண்ட மலைநிலத்தில் அந்த ஈரம் அரிது. ஆகவே பாரசீக ரோஜாவுக்கு நோயை எதிர்க்கும் கட்டாயம் ஏற்படவேயில்லை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறி நனைக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஆகஸ்டு முதல் நவம்பர் வரை அந்த ஈரம் தாராளம். இதற்கு ஒரு மறுப்பு உண்டு. கரும்புள்ளியை விஞ்ஞானிகள் 1815-லேயே பதிவு செய்துவிட்டார்களே, ‘சொலே தோர்’ பிறப்பதற்கு 85 ஆண்டுகள் முன்பே இருந்த நோய்க்கு அதை எப்படிப் பொறுப்பாக்குவது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. பாரசீக ரோஜா நோயைக் கொண்டுவரவில்லை. நோய்க்கு இடங்கொடுக்கும் உடம்பை உலகத்து ரோஜாக்கள் பலவற்றுக்கும் பங்கிட்டுக் கொடுத்தது. ஜெர்மனியின் கோர்டெஸ் நிறுவனம் தன் சோதனைத் தோட்டத்தில் பூஞ்சைக்கொல்லி தெளிப்பதையே நிறுத்தி, தாக்குப்பிடித்த நாற்றுகளை மட்டும் தேர்ந்தெடுத்து எதிர்ப்புத்திறனை மீட்டெடுத்து வருகிறது. அந்த ரகங்களை அப்படியே வாங்கி நட்டால் போதாதா? போதாது. இந்தப் பூஞ்சையில் பல இனங்கள் உண்டு. ஓர் ஊரில் தப்பிய செடி இன்னோர் ஊரின் இனத்துக்கு இரையாகலாம். எதிர்ப்புத்திறனை அந்தந்த மண்ணில்தான் சோதித்துத் தேர வேண்டும்.

இனி, கைவிடப்பட்ட முதல் வழிக்கு வருவோம். தேநீர் ரோஜாக்களின் மூதாதைகளில் ஒன்று ‘ரோசா ஜைகான்டியா’. 1882-இல் ஜார்ஜ் வாட் மணிப்பூர் மலைகளிலும், 1888-இல் ஹென்றி காலெட் பர்மாவின் ஷான் மலைகளிலும் இதைக் கண்டெடுத்தார்கள். மரங்களின் மேல் ஏறிப் படரும் பெருங்கொடி. வெளிர்மஞ்சள் மொட்டு, விரிந்தால் கையகலப் பால்நிறப் பூ, மழையில் நனைந்தாலும் பளபளப்புக் குறையாத இலை. இதைக் கொண்டு வெப்பநாட்டுக்கான ரோஜாக்களை உருவாக்கும் பணியைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவருபவர்கள் கொடைக்கானலைச் சேர்ந்த விரு வீரராகவன், கிரிஜா வீரராகவன் தம்பதி. ஐ.ஏ.எஸ். பணியை முன்கூட்டியே விட்டுவிட்டு 1980-இல் கொடைக்கானலில் குடியேறிய வீரராகவன், ஜைகான்டியாவோடு, வங்காளம், பீகார் பக்கத்து நீர்நிலைகளின் ஓரம் வளரும் ‘ரோசா க்ளினோஃபில்லா’ என்ற காட்டு ரோஜாவையும் ஒட்டுச்சேர்க்கைக்கு எடுத்துக்கொண்டார். மஞ்சள் கொடி ரோஜாவான ‘கோல்டன் த்ரெஷோல்டு’ அவர் தோட்டத்தில் பிறந்தது. மஞ்சள் சாயல்களில் பூக்கும் ‘ஈ.கே. ஜானகி அம்மாள்’ ரோஜாவும் இந்தத் தம்பதி உருவாக்கியதே.

அந்தப் பெயர் இந்த வாதத்துக்கு மிகவும் பொருத்தமானது. தலச்சேரியில் பிறந்து சென்னையில் படித்த ஜானகி அம்மாள், 1930-களில் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் செல்மரபியல் ஆய்வாளராக இருந்தவர். அந்த நிலையத்தின் முதல் பெரும் வெற்றி எது? அங்கு பணியாற்றிய விஞ்ஞானிகள் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும், இனிப்பு மிகுந்த ‘வெள்ளை’க் கரும்பை உள்ளூரில் புதராய்க் கிடந்த காட்டு நாணலோடு சேர்த்து, 1918-இல் வெளியிட்ட கோ 205. வட இந்தியாவின் கரும்புச் சாகுபடியை மாற்றியது அந்த ஒட்டு. உயர்ந்த ரகத்தின் குணத்தை வைத்துக்கொண்டு, நிலத்தைத் தாங்கும் வலிமையைக் காட்டுச் செடியிடமிருந்து வாங்குவது தமிழ்நாடு நூறாண்டுக்கு முன்பே செய்து காட்டிய வேலை. ரோஜாவில் இதற்கு ஒரு தடை உண்டு. இன்றைய தோட்ட ரோஜாவுக்கு 28 குரோமோசோம், ஜைகான்டியாவுக்கு 14. இரண்டையும் சேர்த்தால் பிறப்பது 21; அது பெரும்பாலும் மலடு. ஆனால் பழைய தேநீர் ரோஜாக்கள் பலவற்றுக்கும் 14 என்பதால் அவற்றைப் பாலமாக வைக்கலாம். அல்லது கால்ச்சிசின் மருந்தால் குரோமோசோம்களை இரட்டிக்கலாம். இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் 1940-களில் ஜானகி அம்மாள் மக்னோலியாக்களில் செய்தது அதைத்தான். தடையும் தெரியும், தாண்டும் வழியும் தெரியும்.

எஞ்சிய மறுப்புகளில் வலுவானது நிறத்தைப் பற்றியது. தேநீர் மரபின் மஞ்சள் வெளிறும், காட்டுக்கொடி வீட்டு முற்றத்துக்கு அடங்காது, ஆண்டுக்கு ஒரு பருவம் மட்டுமே பூக்கும் என்பார்கள். முதல் தலைமுறையைப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு இது. பெர்னே-டூஷேயின் முதல் நாற்றும் இளஞ்சிவப்பாகத்தானே பூத்தது? அடர் நிறத்துக்காகப் பாரசீக மரபை முற்றிலும் ஒதுக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. நிறத்தை அங்கிருந்தும், இலையையும் உடலையும் தெற்கிலிருந்தும் எடுத்து, தலைமுறைதோறும் நம் மழையில் நிறுத்தித் தேர வேண்டும். இன்னொரு மறுப்பு, கொடைக்கானல் குளிர்மலை, அங்கே பிறந்த ரோஜா பர்கூருக்கு என்ன சாட்சி என்பது. இதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். மலையில் உருவான நாற்றுகள் சமவெளியில் தேர்வு எழுதியாக வேண்டும். ஆனால் வெப்பநாட்டு மரபுள்ள ரோஜா திறந்த வெளியில் வாழும் என்பதற்குச் சாட்சி நம் வயல்களிலேயே நிற்கிறது. உதிரிப்பூ விவசாயிகள் ‘எட்வர்டு’ என்று அழைக்கும் ரோஜா, சுமார் இரு நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில், சீன ரோஜாவின் கலப்பில் பிறந்தது. பசுமைக்குடில் இல்லாமல் இன்றும் அது மாலைக்கும் பூஜைக்கும் பூத்துத் தருகிறது. ஒட்டுக்கட்ட வேர்ச்செடியாகவும் உதவுகிறது. மஞ்சளில் அப்படியொரு உழைப்பாளி நமக்கு இன்னும் வாய்க்கவில்லை.

வணிகத்துக்கு இது கட்டுப்படியாகுமா என்பது கடைசிக் கேள்வி. கொய்மலர் விவசாயி ஐரோப்பிய ரகத்துக்கு ராயல்டி கட்டி நடுவதில் தவறில்லை. நீண்ட காம்பும் பெட்டியில் வாடாத இதழும் அந்தச் சந்தையின் தேவை. ஆனால் அந்த நிறுவனங்கள் பர்கூர் முற்றத்துக்காகவோ காவேரிப்பட்டணத்து உதிரிப்பூ வயலுக்காகவோ ரகம் உருவாக்கப்போவதில்லை. அது பொது நிறுவனங்களின் கடமை. தளியில் இந்திய-இஸ்ரேல் கூட்டு முயற்சியாக அமைந்த கொய்மலர் சிறப்பு மையம் இருக்கிறது. அருகிலேயே பெங்களூரு ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், நிறுவனங்களோடு விவசாயிகளுக்கும் தம் ரகத்தைப் பதிவு செய்யும் உரிமையைத் தந்திருக்கிறது. ஒரே மாவட்டத்துக்குள் தளியின் குளுமையும் பர்கூரின் வெப்பமும் கிடைப்பது ரோஜா ஆய்வுக்கு அரிய வசதி. மேட்டில் ஒட்டுச்சேர்க்கை, தாழ்விடத்தில் மருந்து தெளிக்காத சோதனை வயல்: இரண்டு மழைக்காலம் இலை கொட்டாமல் நின்ற நாற்றை மட்டும் அடுத்த தலைமுறைக்கு எடுத்தால் போதும். ஐரோப்பா தன் பனிக்கு ஏற்ற மஞ்சளைத் தானே உருவாக்கிக்கொண்டது. நம் மழைக்கு ஏற்ற மஞ்சளை இன்னொருவர் உருவாக்கித் தருவார் என்று காத்திருப்பதற்கு, கோ 205-ஐத் தந்த நாட்டுக்கு எந்தக் காரணமும் கிடையாது.

(தொடரும்)