புள்ளலூர் வாணமும் ஸ்ரீஹரிகோட்டா ஏவூர்தியும்: தொடர்ச்சியா, நினைவா?

முன்னுரை

சென்னை – அரக்கோணம் இருப்புப்பாதையில் அமைந்துள்ள வேப்பம்பட்டுக்குத் தென்மேற்கே திருவள்ளூர் மாவட்டத்துப் பேரம்பாக்கமும், அதற்கப்பால் காஞ்சிபுரம் மாவட்டத்துப் புள்ளலூரும் உள்ளன. 1780 செப்டம்பரில் மைசூர்ப் படை கிழக்கிந்தியக் கும்பினிப் படையை அடுத்தடுத்துத் தாக்கிய களங்கள் இவை. இப்பகுதிக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி.-3 ஏவூர்தி ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. இருநூறு ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரண்டையும் ஒரே மரபின் தொடக்கமும் வளர்ச்சியுமாகக் காட்டுவது பொதுவழக்காகியுள்ளது. அவ்வழக்கு எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இரும்புக் குழாயின் பயன்

‘வாணம்’ என்னும் தமிழ்ச்சொல் அம்பைக் குறிக்கும் ‘பாண’ என்னும் வடசொல்லின் வழி வந்தது. ஐதரலியின் தந்தை ஃபத் முகமது, ஆர்க்காட்டு நவாபிடம் 50 வாணவீரர்களுக்குத் தலைவராக இருந்தவர் எனக் குறிக்கப்படுகிறார். ஆகவே, போரில் வாணம் எறியும் வழக்கம் ஐதரலியின் ஆட்சிக்கு முன்னரே தென்னாட்டில் இருந்தது. மைசூரின் தனிப்பங்களிப்பு உறைப்பொருளில் உள்ளது. தாளாலும் மூங்கிலாலும் ஆன குழாய்கள் உள்ளழுத்தம் மிகுந்தால் வெடித்துவிடும். இரும்புக் குழாய் அவ்வழுத்தத்தைத் தாங்குவதால் வளி மிகுந்த விரைவுடன் வெளியேறி, வாணத்தை நெடுந்தொலைவிற்குச் செலுத்தும். குழாயுடன் பிணைக்கப்பட்ட மூங்கிற்கழியோ வாளோ அதன் போக்கை ஓரளவு நிலைப்படுத்தியது.

1780இல் கர்னல் பெய்லியின் படை கொசத்தலையாற்று வெள்ளத்தால் சில நாள்கள் வடகரையிலேயே தங்க நேர்ந்தது. ஆற்றைக் கடந்தபின் செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கத்தில் திப்புவை எதிர்த்தது. செப்டம்பர் 10 அன்று புள்ளலூரில் முற்றிலும் தோற்றது. காஞ்சிபுரத்திலிருந்த மன்றோவின் படை உரிய வேளையில் துணைக்கு வரவில்லை. போரின் போக்கை மாற்றிய வெடிமருந்து வண்டிகளின் வெடிப்பு வாணத்தால் நேர்ந்தது என்றும், பீரங்கிக் குண்டால் நேர்ந்தது என்றும் இருவகையாகக் கூறப்படுகிறது. எனவே, வாணங்கள் களத்தில் இருந்தன என்பது வேறு, வெற்றியைத் தந்தவை வாணங்களே என்பது வேறு.

மரபு சென்ற வழி

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் மைசூர் வாணங்கள் இங்கிலாந்தை அடைந்தன. வுல்விச் ஆயுதச்சாலையில் வில்லியம் காங்கிரீவ் அளவீடு, மீள்சோதனை, ஒரே அளவிலான உற்பத்தி ஆகியவற்றின் துணையுடன் தம் வாணங்களை உருவாக்கினார்; அவை 1807இல் கோபன்ஹேகன் மீது எறியப்பட்டன. மைசூரில் கைவினைஞரின் பட்டறிவாக இருந்தது அங்கே பதிவு செய்யப்பட்ட தொழில்நுட்பமாயிற்று. மைசூரிலோ, பேணிய அரசு வீழ்ந்ததும் அக்கைவினை தளர்ந்து மறைந்தது.

இருபதாம் நூற்றாண்டில் இந்தியா ஏவூர்தித் துறையில் நுழைந்தபோது அதன் தொடக்கம் வேறிடத்திலிருந்து வந்தது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவில் ஏவப்பட்ட நைக்–அப்பாச்சி அமெரிக்காவினுடையது. அதன் முதல் அடுக்கு நைக் வானெதிர்ப்பு ஏவுகணையின் உந்துபொறியிலிருந்து வந்தது. ஜெர்மனியின் வி-2, சோவியத்தின் ஆர்-7 ஆகியவற்றிலும் படைக்கலமே விண்கலத்திற்கு வழிவிட்டது. இந்தியாவில் இவ்வரிசை தலைகீழானது. அமைதிப்பணிக்கென உருவான எஸ்.எல்.வி.-3இன் திண்ம எரிபொருள் முதல் அடுக்கு, 1989 மே 22 அன்று ஏவப்பட்ட அக்னி ஏவுகணைக்கு முதல் அடுக்காயிற்று. எஸ்.எல்.வி.-3 திட்ட இயக்குநராக இருந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாமே 1983இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டத்தையும் வழிநடத்தினார்.

கலாம் 1963இல் அமெரிக்காவின் வாலப்ஸ் ஏவுதளத்தில் திப்புவின் வாணப்படையைச் சித்திரிக்கும் ஓவியத்தைக் கண்டதைத் தம் ‘அக்கினிச் சிறகுகள்’ நூலில் பதிந்துள்ளார். சொந்த மண்ணில் மறக்கப்பட்டது அயல்நாட்டில் நினைக்கப்படுகிறது என்பது அவர் வியப்பு. இங்குக் கடத்தப்பட்டது தொழில்நுட்பம் அன்று, நினைவே.

முடிவுரை

புள்ளலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிற்கும் இடையே நேரடியான தொழில்நுட்பத் தொடர்ச்சி இல்லை. உலோக உறை என்னும் கருத்து வுல்விச் வழியாக உலக மரபில் கலந்தது. இந்திய ஏவூர்தித் துறை அவ்வுலக மரபிலிருந்து தொடங்கியது. இவ்வாறு கூறுவது மைசூர்க் கைவினைஞரின் பெருமையைக் குறைப்பதாகாது. அவர்தம் அறிவு ஏன் எழுத்திலும் நிறுவனத்திலும் நிலைபெறவில்லை என்னும் வினாவையே அது முன்வைக்கிறது. இடையறாத மரபு எனக் கொண்டால் அவ்வினா எழ இடமில்லாமற் போகும். 2018இல் சிவமொக்கா மாவட்டத்துக் கிணறொன்றில் கிடைத்த ஆயிரத்திற்கும் மேற்பட்ட வாணங்களைப் போன்ற பொருட்சான்றுகளே அதற்கு விடைதேட உதவுவன.