பால் இல்லாத சைவமும் குழந்தையின் வளர்ச்சியும்

சைவ உணவு என்று நம்மவர் வழங்கும் சொல்லில் பாலும் மோரும் நெய்யும் அடங்கியே கிடக்கின்றன. புலால் நீத்தோர் தமிழகத்தில் பன்னூறு ஆண்டுகளாக உளர். பசுவின் பாலையும் விலக்கியவர் அவருள் மிக அரியர். பால், தயிர், தேன் யாவும் ஒழித்துத் தாவரங்களையே உண்ணும் வழக்கத்திற்கு 1944ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் முதலியோர் ஒரு சங்கம் கண்டு, 'வீகன்' என்று பெயரிட்டனர். இதனை 'நனிசைவம்' என்று இன்று தமிழில் எழுதுகின்றனர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அச்சொல் பிடித்தமானதே. எனினும் 'நனி' என்னும் அடைமொழி கண்டு, இவ்வுணவு ஒருபடி சத்து மிக்கது என எவரும் எண்ணிவிடலாகாது.

1931இல் தம்பானூரில் இருப்புப்பாதை நிலையம் அமைந்தது. செங்கோட்டை மலைப்பாதை வழியே வந்த புகைவண்டியும் நாகர்கோவில் பேருந்துகளும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களை அங்கு இறக்கிவிட்டிருக்கின்றன. அலுவலகம், வாணிகம், உணவு விடுதி எனத் தொழில் பற்றி வந்து தங்கியோர் பலர். இன்று இத்தகைய குடும்பங்களில் இளம் பெற்றோர் சிலர், பிற உயிர்க்கு ஊறு செய்யாமை கருதிப் பாலையும் நீத்து, மகவையும் அவ்வாறே வளர்க்க விழைகின்றனர். பாட்டிமார் அஞ்சுகின்றனர். இவ்வினாவிற்கு விடை தேடிய வரலாற்றில் முதன்மையான சில ஏடுகள் நம் தென்னாட்டிலேயே எழுதப்பட்டவை.

நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், 1918இல், ஓர் அறையில் ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய ஆராய்ச்சியே பின்னர் உணவாராய்ச்சிச் சாலையாக வளர்ந்து, 1958இல் ஐதராபாத்திற்குச் சென்றது. மக்காரிசன் இந்நாட்டுப் பல பகுதி மக்களின் உணவை வெள்ளெலிக் குஞ்சுகளுக்கு ஊட்டிப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டியும் பாலும் வெண்ணெயும் கொண்ட சீக்கியர் உணவை உண்டவை நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியை மிகுதியாகக் கொண்ட சென்னை மாகாண உணவை உண்டவை கடைசியில் நின்றன. இதனால் தமிழர் உணவே தாழ்ந்தது என்று முடிவு கட்டியவரும் உண்டு, அது பொருந்தாது. சோதனைக்கு வந்தது நம் சமையலன்று, நம் வறுமை. கேழ்வரகும் கீரையும் பருப்பும் நிறைந்த தமிழ் உணவும் உண்டன்றோ?

மக்காரிசனுக்குப் பின் அச்சாலையை நடத்திய அய்க்ராய்டும் உடன் உழைத்த கிருஷ்ணனும், 1937இல் வெளியிட்ட ஆய்வில், எலியை விட்டுப் பிள்ளைகளையே நோக்கினர். வழக்கமான அரிசி உணவோடு கொழுப்பு நீக்கிய பால் பெற்ற பிள்ளைகள் உயரத்திலும் எடையிலும் விரைந்து முன்னேறினர். சோயா மொச்சை பெற்றவரிடம் அத்தகைய முன்னேற்றம் காணப்படவில்லை.

திருவிதாங்கூரிலும் ஏழையர் உணவு பெரும்பாலும் தாவரமே. விசாகம் திருநாள் மன்னர் (1880–1885) மரவள்ளிச் சாகுபடிக்கு ஊக்கமளித்தார். வயிற்றை நிரப்பும் அக்கிழங்கில் புரதம் மிகச் சொற்பம். கடற்கரை மக்கள் அதனோடு மத்தி மீனைச் சேர்த்து உண்டனர். அச்சிறு மீன் செய்த உதவியைக் கிழங்கின் பெருமை பேசுவோர் மறந்துவிடுகின்றனர். மீனும் இன்றிப் பாலும் இன்றி இருப்போர்க்கு அவ்வுதவி இல்லை.

அம்மீனிலும் பாலிலும் உள்ள ஒரு பொருளை 1948இல் தனியே பிரித்தெடுத்து, பி12 என்று பெயரிட்டனர். இதனைச் செடி கொடிகள் ஆக்குவதில்லை, நுண்ணுயிர்களே ஆக்குகின்றன. வளர்ந்தவரின் ஈரலில் சில ஆண்டுகளுக்குப் போதுமான சேமிப்பு இருக்கக்கூடும். ஆகவே பாலை விட்ட தந்தை நெடுநாள் நலமாகவே காணப்படுவார். பச்சிளங்குழவிக்கோ தாய் தந்த சிறு முதலே கையிருப்பு.

இதன் விளைவை உலகிற்கு உணர்த்தியது வேலூர். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஜாதவ், வெப், வைஷ்ணவா, பேக்கர் ஆகியோர் 1962இல் 'லான்செட்' இதழில் ஆறு குழந்தைகளைப் பற்றி எழுதினர. தாய்ப்பால் உண்டு வளர்ந்த குழந்தைகள் அவை. தாய்மாரோ புலால் உண்ணாதவர். குழந்தைகள் சிரிப்பிழந்து சோர்ந்தன. கற்ற செயல்களை மறந்தன. கைகால்கள் தாமே அசைந்தன, தோலில் கருமை படர்ந்தது, இரத்தம் குன்றியது. தாயின் பாலிலேயே பி12 குறைந்திருந்தது. அதனை மருந்தாகக் கொடுத்ததும் அவை தேறின. தாய்ப்பாலில் குற்றமில்லை, தாயின் தட்டில் ஒன்று குறைந்திருந்தது, அவ்வளவே.

எனின், தாவர உணவில் பிள்ளை வளரவே வளராதோ? வளரும் என்பதற்கும் சான்றுண்டு. அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்தில் 1971இல் அமைந்த 'தி ஃபார்ம்' என்னும் குடியிருப்பில், பெரும்பாலும் பாலும் இன்றி வளர்ந்த 404 குழந்தைகளின் அளவுகளை ஆராய்ந்து 1989இல் வெளியிட்டனர். இளம்பருவத்தில் உயரம் சற்றே குறைந்திருந்தது. பத்து வயதில் வேற்றுமை ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆனால் அங்குள்ளோர் பி12 சேர்த்த சோயாப் பால் வழங்கினர் என்பதைப் பிரித்துச் சொல்லலாகாது. 2021இல் வெளிவந்த போலந்து நாட்டு ஆய்வோ, 5 முதல் 10 வயது வரையுள்ள வீகன் சிறார் பிறரினும் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் குட்டையர் என்றும், எலும்பின் தாதுச்செறிவு குறைந்தவர் என்றும் கண்டது. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குவோர் பாட்டியையும் நகையார், பெற்றோரையும் பழியார்.

தம்பானூர்க் கடைத்தெருவில் கேழ்வரகும் எள்ளும் பயறும் நிலக்கடலையும் எளிதில் கிட்டும். கேழ்வரகு 100 கிராமில் சுண்ணச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. தேங்காய்ப்பால் பெயரளவிலேயே பால். மலையாள நாட்டில் அது எங்கும் மலிந்திருப்பதால் பசுவின் பாலுக்கு மாற்றென மயங்குவோர் உளர். சுண்ணமும் புரதமும் அதில் சொற்பம். பழைய சோற்றிலும் தோசை மாவிலும் பி12 போதிய அளவு உண்டென்னும் பேச்சையும் நம்பிக் குழந்தையை ஒப்படைத்தல் தகாது. சொட்டு மருந்தாகவோ மாத்திரையாகவோ, இச்சத்து சேர்த்த பானமாகவோ அது நாள்தோறும் முறையாகச் சேர வேண்டும்; அளவை மருத்துவரே கூறுவார். பாலை நீத்த தாய் கருவுற்ற நாள் முதலே அதனை உட்கொள்ளுதல் வேண்டும். சோயாப் பால் வாங்குங்கால், புட்டியின் முகப்புப் படத்தை விட்டுப் பின்புறத்துச் சிற்றெழுத்தில் பி12, சுண்ணம் என்னும் இரண்டும் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். சில புட்டிகளில் இரண்டும் இல்லை.