யெஸ்டியும் ரசபாளேயும்: அபூர்வம் எப்படி உருவாகிறது?

கோயம்புத்தூரிலிருந்து சத்தியமங்கலம், திம்பம், சாம்ராஜ்நகர் வழியாக மைசூர் போனவர்களுக்கு நஞ்சன்கூடு நன்றாகவே தெரியும். நஞ்சுண்டேஸ்வரர் கோயில், கபினி ஆறு, அப்புறம் ரசபாளே வாழைப்பழம். புவிசார் குறியீடு வாங்கிய பழம் அது. பனாமா வாடல் நோய் தோட்டம் தோட்டமாகத் தின்று தீர்த்ததில், பேர் கொடுத்த ஊரிலேயே தேடித்தான் வாங்க வேண்டும் என்றாகிவிட்டது. யாரும் திட்டம் போட்டு அதை அபூர்வமாக்கவில்லை. அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, மைசூரில் பிறந்த ஒரு பைக்குக்கும் இதே கதைதான்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன அமெரிக்கச் சுற்று. இங்கே டிவியில் மஸில் கார் ஏலம் பார்த்துவிட்டு வாயைப் பிளக்காதவர்கள் குறைவு. 1971 பிளிமத் ஹெமி குடா கன்வர்ட்டிபிள் மொத்தமே 11தான் செய்தார்கள். அதில் ஒன்று 2014இல் 35 லட்சம் டாலருக்குப் போனது. சரி, ஏன் 11? கம்பெனி ‘லிமிடெட் எடிஷன்’ என்று அறிவித்ததாலா? இல்லைங்க. வாங்க ஆள் இல்லை! இன்ஷூரன்ஸ் கட்டணம் எகிறியது, புகைக் கட்டுப்பாடு வந்தது, அவ்வளவு விலை கொடுக்க யாருக்கும் மனசில்லை. 1970இல் வந்த சூப்பர்பேர்டு இன்னும் வேடிக்கை. பின்னால் ஆளுயர இறக்கையோடு ஷோரூமில் தூங்கியது. சில டீலர்கள் இறக்கையையும் மூக்கையும் கழற்றிவிட்டுச் சாதாரண ரோட் ரன்னராக மாற்றி விற்றார்கள். இன்று அந்த இறக்கைக்குத்தான் காசு.

இப்போது மைசூருக்கு வருவோம். செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா பைக்குகளை இந்தியாவில் இறக்குமதி செய்து விற்றுக்கொண்டிருந்த ஈரானி குடும்பத்தார், லைசென்ஸ் வாங்கி ‘ஐடியல் ஜாவா’ தொடங்கினார்கள். யாதவகிரியில் இருந்த தொழிற்சாலையை 1961இல் திறந்து வைத்தவர் அன்றைய மைசூர் மாநில ஆளுநர் ஜெயசாமராஜ உடையார். 1973 முதல் அதே வண்டி ‘யெஸ்டி’ என்ற சொந்தப் பெயரில் வந்தது. ஈரானின் யஸ்து நகரத்தை ஒட்டி வைத்த பெயர். 250 சிசி டூ ஸ்ட்ரோக், ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர், கிக்கரையே மடக்கினால் கியர் லீவர். ‘ஃபார் எவர் பைக், ஃபார் எவர் வேல்யூ’ என்று விளம்பரம் வேறு.

அந்த ‘ஃபார் எவர்’ 1996 வரைதான் ஓடியது. நான்கு ஸ்ட்ரோக் 100 சிசி வண்டிகள் மைலேஜ் கணக்கைக் காட்டியதும், யெஸ்டி பெட்ரோல் குடிகாரன் ஆகிவிட்டது. புகை விதிகளும் இறுகின. தொழிற்சாலை மூடியது, தொழிலாளர்கள் நடுத்தெருவில். இதே மைசூர்–நஞ்சன்கூடு சாலையில் கடகோலா பக்கம் நம்ம டிவிஎஸ் ஆலை ஓடுகிறது. காலம் யார் பக்கம் திரும்பியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

யெஸ்டிகளிலேயே எது அபூர்வம்? 1978இல் வந்த ரோட்கிங்கைத்தான் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள், நிறைய ஓடிய வண்டி அது. ஆனால் சேகரிப்பாளர்கள் கண் 350 ட்வின் மேல். இரட்டை சிலிண்டர், விலை அதிகம், அன்று அதிகம் விற்கவில்லை. ஆயில் பம்ப் தகராறு செய்த ஆயில்கிங்கும் அப்படித்தான். அன்று சந்தை ஒதுக்கியதை இன்று தேடி அலைகிறார்கள்.

2018இல் ஜாவா பெயர் மறுபடி வந்தது. 2019இல் ஜாவாவின் 90ஆம் ஆண்டுக்காக 90 வண்டிகள் மட்டும், எண் போட்டு விற்றார்கள். இது முதல் நாளே ‘நான் அபூர்வம்’ என்று சொல்லிக்கொண்டு வந்த வண்டி. வாங்கிய 90 பேரும் போர்வை போட்டுப் பத்திரமாக வைத்தால் 90ம் மிஞ்சும். பழைய ஜாவாவின் கதை அப்படியா? ஓடியது, தேய்ந்தது, எடைக்குப் போனது. அதையும் தாண்டித் தப்பித்ததற்குத்தான் மதிப்பு.

பெயருக்கே மறுவிற்பனை மதிப்பு வந்ததுதான் கடைசித் திருப்பம். 2022இல் யெஸ்டி பெயரிலும் புது வண்டிகள் வந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, அந்தப் பெயர் கலைப்பில் இருக்கும் பழைய கம்பெனியின் சொத்து என்று தீர்ப்பளித்தார். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. வண்டி செய்தவர்களின் சம்பளப் பாக்கி கதையில்லாமல் இந்தப் பெயரின் கதை முழுமையாகாது.

ஊரில் அப்பாவின், மாமாவின் யெஸ்டி மாட்டுத் தொழுவத்தில் நிற்கிறது என்றால், இந்த முறை போகும்போது மூன்று விஷயம் பாருங்கள். ஆர்சி புத்தகம் இருக்கிறதா? அதில் உள்ள இன்ஜின், சேஸிஸ் எண்களும் வண்டியில் அடித்த எண்களும் ஒன்றா? ஒரிஜினல் டேங்க், சைலன்சர் இருக்கிறதா? 2021 விதிப்படி 50 வயது தாண்டி, பெரிய மாற்றம் இல்லாமல் இருக்கும் வண்டிக்கு விண்டேஜ் பதிவு உண்டு (புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், தினசரி ஓட்ட முடியாது). முதல் ரோட்கிங்குகளுக்கு 2028இல் 50 வயது. விற்கச் சொல்லி வீட்டில் நச்சரித்தால் இதைச் சொல்லிப் பாருங்கள் :-)

உங்கள் வீட்டு வண்டி என்ன ஆயிற்று? பின்னூட்டத்தில் எழுதுங்களேன்.