பாவமன்னிப்பு மறுத்த துறவிகள்

ஹிஸ்பானியோலா தீவின் தைனோ மக்களை ஸ்பானியர்கள் ஆளுக்கு இத்தனை பேர் என்று பங்கு போட்டுக்கொண்டதைச் சென்ற இதழில் பார்த்தோம். 'என்கோமியெண்டா' என்ற அந்த ஏற்பாட்டின்படி, வேலை வாங்குகிறவர் பதிலுக்கு வேதம் கற்பிக்க வேண்டும். பொன் தோண்டும் அவசரத்தில் கற்பிக்க யாரும் மெனக்கெடவில்லை.

1510-ல் அங்கே டொமினிக்கன் சபைத் துறவிகள் வந்து இறங்கினார்கள். சுரங்கத்தில் மனிதர்கள் செத்து மடிவதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்க அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. கூடிப் பேசி ஒரு பிரசங்கம் எழுதினார்கள். பின்னால் பழி ஒருவர் தலையில் விழக்கூடாதென்று எல்லோரும் அதில் கையெழுத்திட்டார்கள். பேசும் பொறுப்பு அந்தோனியோ தெ மொந்தேசினோஸுக்கு.

1511 டிசம்பர் 21, ஞாயிறு. சாந்தோ டொமிங்கோ கோயிலில் கொலம்பஸின் மகனும் ஆளுநருமான தியேகோ உட்பட ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் இருந்தார்கள். இந்த மக்களை அடிமைகொள்ள உங்களுக்கு யார் உரிமை தந்தது, இவர்கள் மனிதர்கள் இல்லையா என்று முகத்துக்கு நேரே கேட்டார் மொந்தேசினோஸ். நீங்கள் அனைவரும் சாவான பாவத்தில் இருக்கிறீர்கள் என்றும் சொன்னார். பிரசங்கம் முடிந்து அவர் போனது துறவிகள் தங்கியிருந்த கூரை வீட்டுக்கு. அங்கே சாப்பாடு, எண்ணெய் விடாத கீரைக் கஞ்சி.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுநரோடு பெரியவர்கள் திரண்டு வந்து, பேசியவரைக் கூப்பிடச் சொன்னார்கள். அவர் பேசியது எங்கள் எல்லோருடைய பேச்சு என்றார் மடத்தலைவர் பேத்ரோ தெ கோர்தோபா. அடுத்த ஞாயிறு மறுப்புச் சொல்லியே ஆகவேண்டும் என்று மிரட்டிவிட்டுப் போனார்கள். அந்த ஞாயிறு மொந்தேசினோஸ் முன்னிலும் கடுமையாகப் பேசினார். வழிப்பறிக்காரனுக்கு எப்படிப் பாவமன்னிப்பு இல்லையோ அப்படியே உங்களுக்கும் இல்லை, யாருக்கு வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

பிரசங்கத்தைவிடப் பாவமன்னிப்பை மறுத்ததையே நான் பெரிதாக நினைக்கிறேன். மன்னிப்புப் பெறாமல் செத்தால் நரகம் என்று நம்பியவர்கள் அந்தக் குடியேறிகள். துறவிகளுக்குக் காணிக்கை தரக்கூடியவர்களும் அவர்கள்தான்.

புகார் எட்டியதும் அரசர் பெர்னாண்டோ கோபம்கொண்டார். மொந்தேசினோஸ் ஸ்பெயினுக்கே போய் வாதாடினார். 1512 டிசம்பரில் வந்த புர்கோஸ் சட்டங்கள் வேலைக்கும் உணவுக்கும் விதிகள் வகுத்தன. பங்கு முறையை மட்டும் தொடவில்லை. என் கணக்கில் அதை அப்படியே விட்டது நியாயமே அல்ல.

தீவில் பங்கு வைத்திருந்த ஒரு பாதிரியாருக்கும் ஒரு டொமினிக்கன் துறவி பாவசங்கீர்த்தனம் மறுத்தார். அப்போது வாதாடிப் பார்த்த அந்தப் பாதிரியார், 1514-ல் கியூபாவில் தன் பங்கு மக்களை விட்டுக்கொடுத்தார். பெயர் பர்த்தோலோமே தெ லாஸ் காசாஸ். மொந்தேசினோஸின் பிரசங்கம் நமக்குத் தெரியவந்ததும் அவர் எழுதிய வரலாற்றால்தான்.

(தொடரும்)