விலங்கிடப்பட்ட லிலித்: பாபிலோனிய யூதரின் மந்திரக் கிண்ணங்கள்

இராக்கின் தென்பகுதியிலுள்ள தொன்மையான நகரம் நிப்பூர். அங்கு 1888-ஆம் ஆண்டில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் தொடங்கிய அகழாய்வில், உட்புறம் முழுவதும் அரமேய எழுத்துகள் சுருள்வட்டமாக வரையப்பட்ட மண்கிண்ணங்கள் பல கிடைத்தன. ஜேம்ஸ் மாண்ட்கோமரி என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து 1913-இல் நூலாக வெளியிட்டார். கி.பி. 5-ஆம் நூற்றாண்டு முதல் இஸ்லாமிய ஆட்சியின் தொடக்கக் காலம் வரை வழங்கிய இக்கிண்ணங்கள், தீய ஆவிகளைத் தடுக்கும் பொருட்டு வீட்டு வாயிலிலும் தரையடியிலும் கவிழ்த்துப் புதைக்கப்பட்டவை.

அவற்றுள் அஞ்சப்படும் ஆவிகளுள் முதன்மையானது லிலித். மணவாழ்வைக் குலைத்துக் குழந்தைகளைக் கொல்வது அதன் இயல்பென நம்பினர். அது ஆதமின் முதல் மனைவி என்னும் கதையோ பிற்காலத்தது. 'பென் சீராவின் அகரவரிசை' என்னும் இடைக்கால நூலில் வருவது.

இந்த ஆவியை விரட்டக் கையாண்ட முறை வியப்புக்குரியது. மனைவிக்குக் கணவன் எழுதித் தரும் மணவிலக்குப் பத்திரத்தின் வாசகமே லிலித்துக்கும் எழுதப்பட்டது. யோசுவா பர் பெரஹியா என்னும் பழங்கால ரப்பியின் பெயரால் அது வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது. கண்ணுக்குப் புலப்படாத ஆவியும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே என்பது இதன் உட்கருத்து.

சில கிண்ணங்களின் நடுவில் தலைவிரிகோலமாய்க் கை கால்களில் விலங்கு பூண்ட உருவம் தீட்டப்பட்டுள்ளது. இது வழிபாட்டுக்குரிய உருவம் அன்று; தீமையைப் பிணிக்க வரைந்த சிறை எனலாம். 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கில ஓவியர் ரொசெட்டியின் தூரிகையில் அதே லிலித் கூந்தல் வாரும் அழகியாக மாறினாள். அச்சம் அங்கே அலங்காரமாயிற்று.

இக்கிண்ணங்களில் சுலைமான் (அலை) அவர்களின் முத்திரை மோதிரமும் காவலாக அழைக்கப்படுகிறது. திருக்குர்ஆனோ (2:102) சூனியப் பழியிலிருந்து அந்த நபியை விடுவிக்கிறது; கணவன் மனைவியரைப் பிரிக்கும் சூனியத்தையும் பாபிலோனையும் அவ்வசனமே இணைத்துக் கூறுகிறது. அம்மண்ணில் நிலவிய நம்பிக்கைகளை அறிய இக்கிண்ணங்கள் அரிய சான்றுகள். மாண்டேயரும் கிறித்தவரும்கூடத் தத்தம் எழுத்தில் இத்தகைய கிண்ணங்களை எழுதினர். யூத எழுத்தர் வரைந்தவற்றில் பாரசீகப் பெயர் தாங்கியோர் பலர் இடம்பெறுகின்றனர். சமயங்கள் வேறாயினும், தொட்டிலருகே நின்ற தாயின் அச்சம் ஒன்றாகவே இருந்தது.

1950-51-இல் இராக்கிய யூதருள் பெரும்பாலோர் நாடு நீங்கினர். 1991 வளைகுடாப் போருக்குப்பின் திருட்டுத்தனமாகத் தோண்டப்பட்ட கிண்ணங்கள் பல வெளிநாட்டுச் சந்தைகளை அடைந்தன. அவற்றின் எழுத்துகளை இன்றும் படிக்கலாம்; எந்த வீட்டின் வாயிலை அவை காத்தன என்பதை மட்டும் இனி எவராலும் கூற இயலாது.