மின்தடைத் தொடுதிரைகளில் பல்தொடுகையும் அழுத்த உணர்வும்

மின்தடைத் தொடுதிரை என்பது, அழுத்தும்போது ஒன்றையொன்று தொடும் இரண்டு கடத்துபடலங்களைக் கொண்டு விரல் பட்ட இடத்தைக் கண்டறியும் திரை. 1990களின் பாம் கையடக்கக் கணினிகளிலும், பிறகு நோக்கியா 5800 (2008), என்900 (2009) போன்ற கைப்பேசிகளிலும் இருந்தது இதுதான். ஒரு நேரத்தில் ஒரு விரலை மட்டுமே அறியும், அழுத்தத்தின் அளவு இதற்குத் தெரியாது என்று பொதுவாகச் சொல்வதுண்டு. முதலாவது பாதி உண்மை. இரண்டாவது தவறு.

திரையின் மேற்பகுதி வளையும் பாலியெஸ்டர் படலம், கீழே கண்ணாடி. இரண்டின் உட்புறத்திலும் இண்டியம் டின் ஆக்சைடு கடத்துபடலமாகப் பூசப்பட்டிருக்கும். இடையிலுள்ள நுண்புள்ளிகள் அவை தாமாக ஒட்டிக்கொள்ளாமல் காக்கும். கைப்பேசிகளில் வழக்கமான நான்கு கம்பி வகையில், ஒரு படலத்தின் இரு விளிம்புகளுக்கிடையே மின்னழுத்தம் கொடுக்கப்படும். தொட்ட இடத்தில் நிலவும் மின்னழுத்தத்தை மற்றப் படலம் வாங்கித் தரும். அந்த அளவிலிருந்து கிடைமட்ட இடம் தெரியும். படலங்கள் வேலையை மாற்றிக்கொண்டால் செங்குத்து இடமும் தெரியும்.

இரண்டு விரல்களை வைத்தால் கிடைப்பது இரண்டு இடங்கள் அல்ல, அவற்றுக்கு இடைப்பட்ட ஏதோ ஓரிடம். எந்த விரல் அதிகம் அழுத்துகிறதோ அதன் பக்கம் அந்தப் புள்ளி சாயும். ஆனாலும் தகவல் முழுவதும் தொலைந்துபோவதில்லை. இரு தொடுகைகளுக்கும் இடையே மின்னோட்டம் மற்றப் படலத்தின் வழியாகவும் பாய்வதால், மின்னழுத்தம் கொடுக்கப்பட்ட படலத்தின் மொத்த மின்தடை குறையும். விரல்கள் விலகியிருக்கும் அளவுக்கு இந்தக் குறைவும் கூடும். இதை அளந்தே, விரல்கள் நெருங்குகின்றனவா விலகுகின்றனவா என்று சொல்லிவிடலாம். படத்தைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் அதுவே போதும். மாட்டிக்கொள்ளும் இடம் வேறு: விரல்கள் இடமிருந்து வலமாக ஏறும் சாய்வில் இருக்கின்றனவா, இறங்கும் சாய்வில் இருக்கின்றனவா என்பதை இந்த அளவுகள் மட்டும் சொல்லாது. அதற்குக் கூடுதல் அளவீடு வேண்டும்.

உண்மையான பல்தொடுகைக்குப் படலங்களையே வரிசைகளாகவும் பத்திகளாகவும் வெட்டி, ஒவ்வொரு சந்திப்பையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். பிரான்சின் ஸ்டாண்டம் நிறுவனம் இந்த வழியில் சென்றது. விலை கம்பிகளிலும் மின்னணுவியலிலும் ஏறியது. மலிவு என்பதே மின்தடைத் திரையின் பெரிய பலமாக இருந்தபோது, இது சிறிய சுமை அல்ல.

அழுத்தம் இதன் இயல்பிலேயே இருக்கிறது. அழுத்த அழுத்த, படலங்கள் தொடும் பரப்பு விரிந்து, தொடுமிடத்தின் மின்தடை குறையும். என்900இல் இருந்த டிஎஸ்சி2005 போன்ற கட்டுப்பாட்டுச் சில்லுகள், இரு படலங்களுக்கும் குறுக்கே மேலும் இரண்டு அளவீடுகள் எடுத்து இந்தத் தடையைக் கணக்கிட வழிசெய்தன. இப்படிக் கிடைக்கும் எண்ணை விசை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே விசைக்கு எழுதுகோலின் முனை ஒரு மதிப்பையும் விரலின் சதை வேறொரு மதிப்பையும் தரும். அதனால் பெரும்பாலும் இது தூரிகையின் தடிமனைக் கூட்டிக் குறைக்க அல்ல, அரைகுறையாகப் பட்ட தொடுகைகளைக் கழித்துக்கட்டவே பயன்பட்டது. கொஞ்சம் வீணடிப்புதான்.

பல்தொடுகை இல்லாத குறையை மென்பொருள் எப்படி ஈடுகட்டியது என்பதற்கு என்900இன் உலாவி நல்ல சான்று: பக்கத்தைப் பெரிதாக்க ஒரே விரலால் திரையில் வட்டமாகச் சுழற்றலாம். அதற்குள் 2007இல் வந்த ஐபோன், அழுத்தாமலே விரலை உணரும் மின்தேக்குத் திரையில் இரு விரல் அசைவைப் பழக்கமாக்கியிருந்தது. அழுத்தத் தேவையில்லாத மெல்லிய வருடலும், கண்ணாடி மேற்பரப்பும், கூடுதல் ஒளி ஊடுருவலும் சேர்ந்து, சில ஆண்டுகளிலேயே கைப்பேசிச் சந்தை அந்தப் பக்கம் போய்விட்டது. அழுத்த உணர்வைத் திரும்பக் கொண்டுவர, ஆப்பிள் 2015இல் ஐபோன் 6எஸ்ஸின் திரைக்கு அடியில் தனி உணரிகளை வைத்து த்ரீடி டச் என்று பெயரிட்டது. 2019இன் ஐபோன் 11 வரிசையில் அதையும் கைவிட்டது. மின்தடைத் திரைகள் இன்றும் கையுறையோடு இயக்க வேண்டிய தொழிற்சாலைக் கருவிகளில் உழைக்கின்றன.