கூப்பிய கைக்குள் என்ன?

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்ச விஷயம். மீஞ்சூர் ஏகாம்பரநாதர் கோயில்ல பாட்டி ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் கும்பிடுவாங்க. ஆபீஸ்ல நான் கை குலுக்கறதோட சரி. 'பாரு, ஆயுதம் இல்ல'ன்னு காட்டத்தான் கை குலுக்கும் பழக்கமே வந்ததுன்னு ஒரு கதை உண்டு. கும்பிடுக்கும் அதையே சொல்லலாம்னா வள்ளுவர் குறுக்கே நிக்கறார். கூடாநட்பு அதிகாரம், 828-வது குறள்: பகைவர் தொழுத கைக்குள்ளும் ஆயுதம் மறைஞ்சிருக்கும், அழுத கண்ணீரும் அப்படித்தான்.

ஸ்கூல்ல மார்க்குக்காக மனப்பாடம் பண்ணினது (மார்க்கு மட்டும் வந்தது!). 1948 ஜனவரி 30 பற்றிப் படிச்சப்பதான் உறைச்சது. டெல்லி பிர்லா மாளிகை. பிரார்த்தனைக்கு நடந்து வந்த காந்தி கூட்டத்தைப் பாத்துக் கை கூப்பறார். எதிரே வந்த கோட்சேயும் கை கூப்பிக் குனியறான். அப்புறம் மூணு குண்டு. 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர்ல ராஜீவ் காலைத் தொடக் குனிஞ்சவ இடுப்புல வெடிகுண்டு.

நிற்க. போன வாரம் அத்திப்பட்டுல ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி, எங்க அப்பா வயசு இருக்கும், என் கழுத்துல தொங்கின ஐடி கார்டைப் பாத்ததும் சட்டுனு கும்பிட்டார். அந்தக் கைக்குள்ள இருந்தது பயம். "ஐயோ, வேணாங்க"ன்னேன். அவர் கையை இறக்கவே இல்ல. நானும் கும்பிட்டேன்.